4,600 ரூபாய் ஸ்கோப்பும் அதற்குள் இருந்த திருகும்

என் ஏர் ரைஃபிளுக்காகச் சென்ற ஆண்டு இணையத்தில் 4,600 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்கினேன். மூன்று மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். முன்கண்ணாடியின் விட்டம் 40 மி.மீ.; குழாய் ஒரு அங்குலப் பருமன். பதின்மூன்று மாதம் பயன்படுத்தி, அளந்து, சலித்து, கடைசியில் பிரித்தும் பார்த்துவிட்டேன். பெட்டியின் மேல் உள்ள பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே உடல் வேறு வேறு பெயர்களில் விலைக்குக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பது ஒரு காரணம். என் கைக்கு வந்த ஒன்றை மட்டும் வைத்து ஒரு தொழிற்சாலையைக் கூண்டில் ஏற்றுவது முறையன்று என்பது இன்னொன்று. நான் நாகர்கோவிலில் லேத் பட்டறை நடத்துகிறவன். ஆகவே இந்த மதிப்புரையில் கண்ணாடியைவிடத் திருகைப் பற்றியே அதிகம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றி இரண்டு வரி. குழலை மடக்கிச் சுருள்வில்லை ஏற்றும் வகை, துளை 4.5 மி.மீ.; ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்பதால், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவைப்படாத வகையைச் சேர்ந்தது. குலசேகரத்தை அடுத்துள்ள எங்கள் ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், காகித இலக்கில் மட்டுமே சுடுகிறேன். பன்றி, மிளா என்று வேட்டைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

கண்ணாடியைக் குறை சொல்வதற்கில்லை. நடுப்பகுதி தெளிவாக இருக்கிறது, ஒன்பது மடங்கில் ஓரம் மட்டும் சற்றுக் குழைகிறது, அந்தி வேளையில் ரப்பர் மர நிழலிலும் குறிபார்க்கும் குறுக்குக் கோடு தெரிகிறது. உடல் ஒரே குழாயில் கடைந்தது; கறுப்பு அனோடைஸ் பூச்சும் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராக இருக்கிறது. குறியைச் சரிசெய்ய, மேலே உயரத்துக்கு ஒன்று, வலப்பக்கத்தில் பக்கவாட்டுக்கு ஒன்று என இரண்டு திருகுக் குமிழ்கள். திருப்பினால் ‘கிளிக், கிளிக்’ என்று கணீரென்ற ஓசை. பார்சலைப் பிரித்த அன்று பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் பார்த்து, ஓசையைக் கேட்டே தரத்தை மெச்சிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குமிழின் உள்விளிம்பில் பல்பல்லாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். சிறு ஸ்பிரிங் ஒன்று எஃகுக் குண்டு ஒன்றை அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். குண்டு ஒரு பள்ளத்தை விட்டு அடுத்த பள்ளத்தில் விழும்போது எழுவதுதான் கிளிக். குறுக்குக் கோடு நகர்ந்ததா என்பதற்கும் இந்த ஓசைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. நகர்த்துகிற வேலையைச் செய்வது குமிழுக்கு அடியில் இருக்கும் திருகு. ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் விரல் பருமனில் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. முன்கண்ணாடி தலைகீழாகத் தரும் பிம்பத்தை நிமிர்த்தும் கண்ணாடிகள் இந்த உள்குழாயில்தான் உள்ளன. அதன் பின்முனை கீல் போல் ஓரிடத்தில் தாங்கப்பட்டிருக்க, முன்முனை மேலும் கீழும் இடமும் வலமும் அசையக்கூடியது. மேலிருந்து ஒரு திருகும் வலப்பக்கத்திலிருந்து ஒரு திருகும் அந்த முன்முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் எதிரே, இடக் கீழ்மூலையில், ஒரு வில் உள்குழாயை எந்நேரமும் திருகுகளின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். இரு திருகு, ஒரு வில்: மொத்த ஸ்கோப்பின் நாணயமும் இந்த மூன்றின் கையில்.

இனி அளவுக்கு வருகிறேன். பெட்டியில் ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. என்று அச்சிட்டிருக்கிறது. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் ‘கலை’ என்று சொல்லும் அதே அளவுதான். 100 மீட்டரில் அது ஏறத்தாழ 29.1 மி.மீ.; ஆகவே கால் எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் 7.3 மி.மீ.; நான் சுடும் 25 மீட்டரில் 1.8 மி.மீ. இதற்காக உள்குழாயின் முன்முனை எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிட்டபோதுதான் எனக்கு இந்தப் பொருளின் மேல் உண்மையான மரியாதை வந்தது. முன்கண்ணாடியின் குவியத் தூரம் 140 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு கிளிக்குக்கு உரிய நகர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். எங்கள் தொழிலில் அன்றாடம் கையில் எடுக்கும் மைக்ரோமீட்டரின் திருகுக்கு 0.5 மி.மீ. பிட்ச், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு அவ்வளவு முன்னேறும்; அதன் உருளையில் 50 கோடுகள்; ஒரு கோடு நூறில் ஒரு மில்லிமீட்டர். இந்த ஸ்கோப்பின் திருகுக்கும் 0.5 மி.மீ. பிட்ச், ஒரு சுற்றுக்கு 48 கிளிக். அதாவது விற்பனைக்காரர் தம் பட்டியலில் இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போகும் ‘கால் எம்.ஓ.ஏ.’ என்பது, ஒவ்வொரு அடிக்கும் உதறிக்கொண்டிருக்கும் ஒரு துப்பாக்கியின் முதுகில் இரண்டு மைக்ரோமீட்டர்களை உட்கார வைத்து, அவை என்றைக்கும் பொய் சொல்லாது என்று உறுதி கொடுப்பதற்குச் சமம். நல்ல மைக்ரோமீட்டர் ஒன்று என்ன விலை என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் அனெர்டல் ஸ்கோப்புகளில் இந்த மைக்ரோமீட்டர்கள் வெளியே, தாங்கியிலேயே இருந்தன. முழுக் குழாயையும் அவையே நகர்த்தின. அது கண்ணுக்குத் தெரிந்த நேர்மை. இப்போது எல்லாம் மூடிக்குள் ஒளிந்துகொண்டது.

முதல் சந்தேகம் ஆரல்வாய்மொழியில் வந்தது. நண்பர் ஒருவருடைய தோட்டத்தில் 50 மீட்டரில் சுட்டுப் பார்க்கலாம் என்று ஆடி மாதத்தில் போனேன். அதைவிடப் பேதைமை வேறில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டிருக்கிறார்கள் என்பதை யோசிக்காமல், அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டைக் கணவாய்க் காற்றுக்குள் அனுப்பிவிட்டு, அது வலம் போனால் இடம் திருகி, இடம் போனால் வலம் திருகி ஒரு டப்பாக் குண்டையும் தீர்த்தேன். குறை காற்றிலா, திருகிலா, என்னிலா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே சுடாமலே அளப்பது என்று முடிவு செய்தேன்.

பட்டறையின் லேத் படுக்கையைவிட அசையாத தாங்கி இந்த ஊரில் எனக்குக் கிடைக்காது. அதன் மேல் வி-பிளாக்கை வைத்து, ஸ்கோப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்வாசல் வழியாக நேர் எதிரே 25 மீட்டரில் உள்ள மதில் சுவரில், ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த கோடாக வரைந்த தாளை ஒட்டினேன். 40 கிளிக் என்பது 10 எம்.ஓ.ஏ.; அந்தத் தூரத்தில் குறுக்குக் கோடு 72.7 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். வேலைக்கு நிற்கும் பையன் சுவரருகே நின்று ஸ்க்ரூடிரைவர் முனையால் கோட்டைத் தொட்டுக் காட்ட, நான் இங்கிருந்து “இன்னும் கொஞ்சம் மேலே” என்று கத்த, அரை மில்லிமீட்டர் முன்பின்னாகத்தான் அளக்க முடிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. அம்பு காட்டும் ‘மேல்’ திசையில் 40 கிளிக் திருப்பியபோது கிடைத்தது 69 முதல் 70 மி.மீ. வரைதான்.

இதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு, அதை நம்பி ஒரு வாரம் நிம்மதியாகவும் இருந்தேன். உண்மையான எம்.ஓ.ஏ. 100 கெஜத்தில் 1.047 அங்குலம். சில ஸ்கோப்புகள் அதை ஓர் அங்குலம் என்றே எடுத்துக்கொண்டு, பெட்டியில் மட்டும் எம்.ஓ.ஏ. என்று அச்சிடுகின்றன. அந்தக் கணக்கில் 40 கிளிக்குக்கு 25 மீட்டரில் 69.4 மி.மீ. வரும். என் அளவோடு அச்சாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்து, பெருக்கல் வாய்பாடு ஒன்றும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிறகு ‘கீழ்’ திசையில் திருப்பிப் பார்த்தேன். 72 மி.மீ. வந்தது. அளவுகோலே வேறு என்றால் அது இரு திசையிலும் வேறாக இருந்தாக வேண்டும். போகும்போது ஓர் அளவும் வரும்போது வேறோர் அளவும் காட்டுவது அளவுகோலின் குணமன்று, ஆட்டம் கொடுத்த இயந்திரத்தின் குணம். வாய்பாட்டைக் கிழித்துவிட்டேன்.

இரண்டு திசையும் ஒன்றுபோல இயங்குவதில்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். ‘கீழ்’ என்று திருப்பும்போது திருகு உள்ளே இறங்கி, உள்குழாயைத் தன் பலத்தால் தள்ளுகிறது. குழாய்க்கு நகர்வதைத் தவிர வழியில்லை. ‘மேல்’ என்று திருப்பும்போதோ திருகு பின்வாங்கி இடம் மட்டுமே விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப உள்குழாயை ஏற்ற வேண்டியது எதிரே உள்ள வில்லின் பொறுப்பு. வலப்பக்கத்துக்கும் இதே கதைதான். வில் தளர்ந்திருந்தாலோ, உரசுமிடத்தில் மசகு காய்ந்து பிடித்திருந்தாலோ, திருகு விலகிப்போகக் குழாய் போன இடத்திலேயே நின்றுகொள்ளும். கிளிக் மட்டும் கணீரென்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான் மேல்நோக்கித் திருகிக்கொண்டே போக, திருகு போகக்கூடிய ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் 40 கிளிக்குக்கு 61 மி.மீ. வந்தது, அதற்கும் அப்பால் 20 கிளிக் வரை கோடு அசையவே இல்லை.

இதைக் குலசேகரத்தில் பக்கத்து விளைக்காரரான பட்டாளத்து மாமாவிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்று ஊருக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஸ்கோப்பை வாங்கிக் கண்ணில் வைக்காமல் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, “திருகினா மட்டும் போதாது மக்களே, ஒரு தட்டு தட்டிட்டுச் சுடு பாப்போம்” என்றார். சீனித் தேங்காய்த் துண்டு வைத்திருந்த கிண்ணத்தின் கரண்டியை எடுத்து அவரே அதன் பிடியால் குமிழின் பக்கத்தில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். மறுநாள் லேத் படுக்கையில் அதையே செய்தபோது, கோடு என் கண்ணெதிரே 5 மி.மீ. துள்ளியது. நான் 13 மாதமாக இலக்கில் பார்த்துத் திகைத்த விளையாட்டு இதுதான்: திருகிவிட்டுச் சுட்டால் முதல் குண்டு பழைய இடத்திலேயே விழும், அந்த அடியின் உதறலில் உள்குழாய் இடம் மாறும், இரண்டாவது குண்டு வேறிடத்தில் விழும், நான் மறுபடியும் திருகுவேன்.

சுட்டும் சோதித்தேன். ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவே காற்று அவ்வளவாக நுழைவதில்லை. 25 மீட்டரில் ஐந்து குண்டு, வலப்பக்கம் 20 கிளிக், ஐந்து குண்டு, மேலே 20, பிறகு இடம் 20, கீழே 20 என்று சதுரமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். என் சதுரம் வாய் திறந்தே கிடந்தது. கடைசிக் குண்டுக் கூட்டம் முதல் கூட்டத்திலிருந்து 11 மி.மீ. தள்ளி விழுந்தது. ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் மவுண்ட் வளையங்களை அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் நெளிந்து உள்ளே பிடிக்கும் என்பதால், அதையும் தளர்த்தி 2 நியூட்டன் மீட்டருக்குள் மறுபடி இறுக்கி மீண்டும் சுட்டேன். மாற்றமில்லை.

இதில் துப்பாக்கியின் பங்கையும் மறைக்கக்கூடாது. குழலை மடக்கும் வகையில் பல துப்பாக்கிகளில் குழல் மூக்கு சற்றுக் கீழே சாய்ந்திருக்கும், என்னுடையதிலும் அப்படியே. அதை ஈடுகட்ட ஸ்கோப்பை ‘மேல்’ திசையில் நிறையத் திருகி வைக்க வேண்டியிருக்கிறது. அதாவது வில் மிகவும் நீண்டு, அதன் பலம் மிகவும் குறைந்திருக்கும் மூலையிலேயே நான் ஸ்கோப்பை நாள்தோறும் வேலை வாங்கியிருக்கிறேன். போதாக்குறைக்குச் சுருள்வில் துப்பாக்கியின் உதைப்பு இருமுறை: பிஸ்டன் முன்னே பாயத் துப்பாக்கி பின்னே வரும்; பிஸ்டன் முனையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னே வெட்டி இழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த விலையுயர்ந்த ஸ்கோப்புகள்கூடப் பின்னுதைப்புக்கு மட்டுமே வலுவாக்கப்பட்டிருந்தால் இந்த முன்னிழுப்பில் உள்ளே கழன்றுபோவது உண்டு. என் பெட்டியில் ‘ஏர் ரைஃபிளுக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தது. பின்வளையத்தின் அடியில் குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டிய 0.1 மி.மீ. தகட்டை வைத்தேன். வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால் இந்தத் தகடு ஒன்றே 25 மீட்டரில் 25 மி.மீ. உயரம் கொடுத்துவிடும், ஏறக்குறைய 14 கிளிக் மிச்சம். காசில்லாத வைத்தியம் இது. திருகி முனைக்குப் போய்விட்ட ஸ்கோப் வைத்திருப்பவர்கள் எதையும் பிரிப்பதற்கு முன்பு இதைச் செய்து பார்க்கலாம்.

விற்றவரிடம் எழுதிக் கேட்டேன். கிளிக் ஓசை வருகிறதா என்று கேட்டார்கள், வருகிறது என்றேன், அப்படியானால் பழுதில்லை என்று பதில் வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்த மறுவாரம் பிரித்தேன்.

குமிழைப் பிடித்திருந்த மூன்று பொடித் திருகுகளில் ஒன்று ஆலன் சாவிக்கே அசையவில்லை. முட்டம் கடற்கரையில் ஒரு விடுமுறை நாளைக் கழித்ததற்கு உப்புக்காற்று வாங்கிக்கொண்ட கூலி அது. உள்ளே பித்தளைத் திருகின் மரையில் மசகு பச்சைப் பசையாகக் காய்ந்திருந்தது. ஊசியால் சுரண்டியபோது கூடவே வெள்ளி நிறத்தில் அலுமினியச் சுருள் ஒன்று, மயிரிழை போல, வந்தது. மரை வெட்டிய பிறகு பிசிறு எடுக்காமலே மாட்டியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் பையன் இப்படி ஒரு வேலையைக் கொண்டுவந்து வைத்தால் மறுபடி கடைசலுக்கு அனுப்புவேன். திருவிதாங்கூர்த் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டைக்கு அடுத்த ஊர்க்காரனுக்கு இதைப் பார்த்துக் கோபம் வருவது இயற்கை.

அடுத்துத் திருகின் முனை. அது சமதளமாகவோ பந்துபோல் உருண்டோ இருந்து, பளிங்கு மெருகு ஏறியிருக்க வேண்டும். ஏனென்றால் உள்குழாயின் மேல் சுழன்றுகொண்டே அழுத்துவது அதுதான். இதில் கத்தி வெட்டிய தடம் வளையம் வளையமாகத் தெரிந்தது. லேத்தில் பிடித்து டயல் கேஜை வைத்தால், ஒரு சுற்றுக்குள் முள் 0.03 மி.மீ. அலைந்தது. நூறில் மூன்று, அதாவது மூன்று கிளிக். இதை அறிந்த பிறகு பழைய தாளில் குறித்த ஓர் அளவு புரிந்தது. கீழ்நோக்கி ஒரு முழுச் சுற்றை 12 கிளிக் வீதம் நான்காகப் பிரித்து அளந்தபோது, ஒவ்வொன்றும் 21.8 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 19, 23, 25, 20 என்று வந்திருந்தன. கூட்டினால் 87, முழுச் சுற்றுக்கு உரிய அளவு சரியாகவே இருக்கிறது. முழுச் சுற்றை மட்டும் அளக்கிற பரிசோதகர் ‘தேறியது’ என்று முத்திரை குத்தியிருப்பார். நடுவில் கால் சுற்றுக்குக் கால் சுற்று அது ஏமாற்றுகிறது.

கண்பக்கக் கூட்டைக் கழற்றி உள்குழாயை வெளியே எடுத்தபோது வில்லும் தெரிந்தது: சுருள்வில் அன்று, வளைத்த எஃகுப் பட்டை ஒன்று, ஒரே திருகில் மாட்டியது, அந்தத் திருகும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. ஒட்டுப்பசை வைத்த அடையாளமே இல்லை.

திருகு முனையைக் கடைந்து சமமாக்கி, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, மெருகு ஏற்றினேன். மரையைக் கழுவிப் புதிய மசகு இட்டேன். பட்டை வில்லுக்கு அடியில் பழைய ஃபீலர் கேஜின் 0.30 மி.மீ. இதழை வெட்டி இரண்டாவது வில்லாக வைத்து, திருகுக்குப் பூட்டுப் பசை இட்டு இறுக்கினேன். இரண்டு மாலை வேலை. பொருட்செலவு ஐம்பது ரூபாய்க்குள். மீண்டும் லேத் படுக்கையில் வைத்தால், 40 கிளிக்குக்கு மேலே 72, கீழே 72. திரும்பிப் புறப்பட்ட கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்து நிற்கிறது. தட்டினாலும் துள்ளவில்லை. விளையில் சதுரம் மூடிக்கொண்டது.

தொழிற்சாலையில் இதைச் செய்ய எவ்வளவு ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். முனையைச் சமமாக்க ஒரு கூடுதல் வெட்டு, பிசிறு எடுக்க ஒரு தூரிகை, திருகுக்கு ஒரு சொட்டுப் பசை. பெட்டிக்குள் வைத்திருந்த வழவழப்பான ஐந்து மொழிக் கையேட்டுக்கும் கண்ணாடி துடைக்கும் துணிக்கும் ஆன செலவை இங்கே திருப்பியிருந்தாலே போதும்.

என் வைத்தியத்துக்கும் விலை உண்டு. ஈரம் உள்ளே புகாதிருக்க ஸ்கோப்பில் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். அமெரிக்காவின் லியுபோல்ட் நிறுவனம் 1947-லேயே அப்படிச் செய்து விற்றது. பிரித்த அன்றே என் நைட்ரஜன் பறந்துவிட்டது. வறண்ட ஊரென்றால் பரவாயில்லை. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவத்திலும் நனைகிற இந்த மாவட்டத்தில், குலசேகரத்து விடியற்காலையில் முன்கண்ணாடியின் உட்புறம் பால்படலம் போல ஆவி பிடித்துக்கொள்கிறது. வெயில் ஏறி எட்டு மணியானால்தான் விலகுகிறது. புதிய ரப்பர் வளையங்களைத் தேடிப் போட்டேன், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்தும் வைக்கிறேன், பாதிதான் பலன்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. ஒருமுறை திருகி வைத்துவிட்டு, பிறகு குமிழைத் தொடாமலே ஒரே தூரத்தில் சுடுகிறவர்களுக்கு, தகடு வைத்து ஓட்டத்தின் நடுப்பகுதியில் நிறுத்திக்கொண்டால், இந்த ஸ்கோப் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. தூரத்துக்குத் தூரம் கிளிக் எண்ணித் திருப்புகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். நேரில் கடையில் பார்த்து வாங்க வாய்த்தால், ஓசையைக் கேட்காமல் மூன்று மடங்கில் வைத்து, முன்கண்ணாடியை முகம் பார்க்கும் சுவர்க் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தி உள்ளே பாருங்கள். குறுக்குக் கோடும் அதன் பிரதிபலிப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்வரை திருகி, அங்கிருந்து 40 கிளிக் போய் 40 கிளிக் திரும்பி வந்து, இரு கோடுகளும் மறுபடி ஒன்றாகின்றனவா என்று கவனியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், குமிழின் பக்கத்தில் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.